சீல் பிரிக்காத பெட்டி



இன்று கொஞ்சம் சண்டை போடப் போகிறேன். "கவர்மெண்ட் போட்ட செட் சார், சீல் பிரிக்கலை, இதைவிடத் தரத்துக்கு என்ன அத்தாட்சி வேணும்?" என்று சொல்லி நாணயப் பெட்டி விற்கிறவர்களோடு முதல் சண்டை. அதைக் கேட்டுத் தலையாட்டி வாங்கி, பீரோவில் பூட்டி வைக்கிற நம் வயதுக்காரர்களோடு இரண்டாவது சண்டை. இந்த இரண்டு பேருக்கும் இடம் கொடுத்துவிட்டு வாய் திறக்காமல் இருக்கிற அரசோடு மூன்றாவது.

விஷயம் தெரியாதவர்களுக்காகச் சொல்லிவிடுகிறேன். கடையில் மிச்சம் வாங்கும் சில்லறை வேறு. நாணயச்சாலைகள் சேகரிப்பவர்களுக்கென்று தனியாகப் பெட்டியில் போட்டு விற்கும் செட் வேறு. தலைவர்களின் நூற்றாண்டு, நிறுவனங்களின் நிறைவு விழா என்று அவ்வப்போது இவை வரும். தாகூரின் 150-ஆம் ஆண்டுக்கு 150 ரூபாய் நாணயம், தஞ்சைப் பெரிய கோயிலின் ஆயிரமாவது ஆண்டுக்கு 1000 ரூபாய் நாணயம், புதிய நாடாளுமன்றக் கட்டடத்துக்கு 2023-ல் 75 ரூபாய் நாணயம் என்று மத்திய அரசு போட்டது நினைவிருக்கும். மும்பை, கொல்கத்தா, ஹைதராபாத், நொய்டா ஆகிய நான்கு நாணயச்சாலைகளும் 2006 முதல் மத்திய நிதி அமைச்சகத்தின் கீழுள்ள ஒரே கழகத்தில் இருக்கின்றன. செட்டுகள் பெரும்பாலும் இரண்டு வகை. ஒன்று 'புரூஃப்', விலை அதிகம். மற்றது 'யுஎன்சி', அதாவது புழங்காதது, விலை கொஞ்சம் குறைவு.

எங்கள் விருதுநகர் மாவட்டத்துக்காரர்களுக்கு இதில் ஒரு தனிப் பாசம் உண்டு. காரணம் காமராஜர். 1903-ல் விருதுநகரில் பிறந்த அவருக்கு நூற்றாண்டு வந்தபோது 5 ரூபாய் நாணயமும் 100 ரூபாய் நாணயமும் வெளியாயின. ஐந்து ரூபாய் எல்லார் கைக்கும் வந்தது. நூறு ரூபாய் வெள்ளி கலந்தது, செட்டாக வாங்கியவர்களுக்கு மட்டும். இந்தப் பக்கம் பெரியவர்கள் சில பேர் வீட்டில், சாமி படத்துக்குப் பக்கத்தில் அந்தப் பெட்டியை வைத்திருப்பதைப் பார்த்திருக்கிறேன். யாரும் அதைக் காசாக நினைப்பதில்லை, ஐயாவின் படமாகத்தான் நினைக்கிறார்கள்.

தாயில்பட்டியில் எனக்குத் தெரிந்த ஓர் அண்ணாச்சி அப்படித்தான் ஒரு பெட்டி வாங்கினார். நான் புதுச்சேரி அரசில் கணக்குப் பிரிவு எழுத்தராக இருந்து ஓய்வு பெற்று, மனைவியின் ஊர் என்பதால் இங்கு வந்து சேர்ந்தவன். அவர் இந்த மண்ணுக்காரர், அவரும் ஓய்வூதியர். வெளியூர் வியாபாரி ஒருவரிடம், தம் ஒரு மாத ஓய்வூதியத்தில் பாதியைக் கொடுத்து அந்தச் செட்டை வாங்கியிருந்தார். மேலே கண்ணாடித்தாள் சுற்றி, அப்படியே சீலோடு இருந்தது. சில வருடம் கழித்து வீட்டம்மாவுக்குக் கண் ஆபரேஷன் வந்தது. பெட்டியை விற்றுவிடலாம் என்று எடுத்தார்.

"பிரிச்சுப் பாத்தீங்களா அண்ணாச்சி?" என்று கேட்டேன்.

"ஐயையோ, பிரிச்சா பாதி விலை போயிரும்னு அன்னைக்கே சொன்னாங்களே சார்."

வாங்க வந்தவர் வேறு ஆள். அவர் பிரித்துப் பார்த்துத்தான் விலை சொல்வேன் என்றார். பிரித்தார்கள். நூறு ரூபாய் நாணயத்தின் முகத்தில் ஒரு கட்டைவிரல் ரேகை பழுப்பாக ஊறிப் போயிருந்தது. ஓரத்தில் இரண்டு கரும்புள்ளி. ஐந்து ரூபாயில் ஒரு சின்ன நசுங்கல். வந்தவர் வெள்ளி விலைக்கு மேல் ஏதோ கொஞ்சம் போட்டுச் சொன்னார். அண்ணாச்சி கொடுக்கவில்லை. "ஐயா படத்தை அந்த விலைக்குக் கொடுக்க மாட்டேன்" என்று எடுத்து வைத்துவிட்டார். ஆபரேஷனுக்குப் பணம் வேறு வழியில் புரட்டினார்கள்.

அந்த ரேகை யாருடையது? அச்சடித்த இடத்திலேயே வந்ததா, இடையில் கை மாறியபோது வந்ததா, விற்ற வியாபாரி நல்ல நாணயத்தை எடுத்துக்கொண்டு மட்டமானதைப் போட்டாரா? யாராலும் சொல்ல முடியாது. பெட்டி அவர் கையில் வந்த அன்றைக்கே பிரித்துப் பார்த்திருந்தால் கேட்டிருக்கலாம். 'சீல் பிரிக்காதே' என்ற அந்த ஒரு வார்த்தை கேட்கும் உரிமையைப் பறித்துவிட்டது. என் கோபம் அங்கேதான் ஆரம்பிக்கிறது.

முதலில் இந்தப் பெயர்களைப் பார்ப்போம். 'புரூஃப்' என்று பெட்டியில் போட்டிருந்தால் அது முதல்தரம் என்று நம் ஆட்கள் நினைக்கிறார்கள். அது செய்முறையின் பெயர். தேர்ந்தெடுத்த வில்லைகளை மெருகேற்றி, அச்சையும் மெருகேற்றி, ஒன்றுக்கு மேற்பட்ட முறை மெதுவாக அழுத்தி அடிப்பார்கள். அதனால் வெற்றிடம் கண்ணாடி மாதிரி பளபளக்கும்; உருவமும் எழுத்தும் பனி படிந்த மாதிரி வெளுப்பாக நிற்கும். பிறந்த விதம் அது. வளர்ந்த விதம் வேறு. அப்படி அடித்த நாணயத்தை யாராவது துணியால் துடைத்தால் மயிரிழைக் கீறல் விழும். பையில் போட்டுக் கடைக்குக் கொண்டுபோய்ச் செலவழித்தாலும் அது புரூஃப்தான், கெட்டுப்போன புரூஃப்.

'யுஎன்சி' என்பது இன்னும் தளர்வான சொல். புழக்கத்துக்குப் போகவில்லை என்பது மட்டுமே அதன் பொருள். இயந்திரத்திலிருந்து தொட்டியில் விழும்போது நாணயத்தோடு நாணயம் மோதிய தழும்பு இருக்கலாம். அச்சு தேய்ந்துபோய் உருவம் மழுங்கலாக விழுந்திருக்கலாம். ஒளி மங்கியிருக்கலாம். எல்லாமே யுஎன்சிதான்.

இதை எண்ணில் சொன்னால் தெளிவாகும். வில்லியம் ஷெல்டன் என்ற அமெரிக்க உளவியலாளர் 1949-ல் பழைய அமெரிக்கச் செப்புக் காசுகளுக்காக 1 முதல் 70 வரை ஒரு மதிப்பெண் முறை வைத்தார். இப்போது உலகம் முழுக்க அதைத்தான் புழங்குகிறார்கள். அதில் 60-க்கு மேல் எல்லாம் புழங்காதது. 60 என்றால் தழும்பும் கீறலும் நிறைந்த, பார்க்கச் சுமாரான நாணயம். 65 என்றால் நல்ல நாணயம். 70 என்றால் ஐந்து மடங்கு பெரிதாக்கிப் பார்த்தாலும் குறை தெரியாதது. ஆக, 'யுஎன்சி' என்ற மூன்றெழுத்துக்குள் 60 முதல் 70 வரை பதினோரு படி இருக்கிறது. பெட்டி உங்களுக்கு உறுதி சொல்வது அடிப்படியை மட்டும். நீங்கள் காசு கொடுப்பதோ மேல்படியை நினைத்து.

வெளிநாட்டில் மட்டும் என்ன வாழ்கிறது என்று கேட்பீர்கள். அமெரிக்க நாணயச்சாலையும் தன் செட்டுக்கு இத்தனை மதிப்பெண் என்று எழுதி விற்பதில்லை. ஆனால் அங்கே லட்சக்கணக்கான நாணயங்களை வெளியாட்கள் தரம் பிரித்துப் பிரித்து, எந்தக் காலத்துச் செட்டில் பொதுவாக என்ன தரம் வரும் என்பது சேகரிப்பவர்களுக்கெல்லாம் தெரிந்த கணக்காகிவிட்டது. இந்தக் காலத்துப் புரூஃப் செட் என்றால் 69 சாதாரணம். புழங்காத செட் என்றால் அறுபதுகளின் நடுவில் நிற்கும், அதற்கு மேலும் கீழும் போகும். எத்தனை செட் விற்றது என்ற எண்ணையும் அந்த நாணயச்சாலை வெளியிடுகிறது. வாங்குகிறவனுக்கு, 'இது இவ்வளவுதான் பெறும்' என்று தெரியும். நம் வீட்டுப் பெட்டிக்கு அப்படி ஒரு கணக்கைச் சொல்ல, நம் தெருவில் யார் இருக்கிறார்கள்? விற்க வந்த வியாபாரி ஒருவர்தான்.

நான் படித்தது புதுச்சேரியில் பிரெஞ்சு வழியில். அங்கே நாணயத் தரத்துக்கு ஒரு அழகான சொல் உண்டு: 'ஃப்ளர் த குவான்'. 'குவான்' என்றால் பிரெஞ்சில் காசு அல்ல, காசு அடிக்கிற அச்சு. காசுக்கு 'பியெஸ்' என்று வேறு சொல். ஆங்கிலேயர்கள் அந்தச் சொல்லை வாங்கிக் காசுக்கே வைத்துக்கொண்டார்கள். 'ஃப்ளர் த குவான்' என்றால் அச்சின் பூ. அச்சிலிருந்து இப்போதுதான் மலர்ந்த மாதிரி இருக்கிற காசு. அதற்குக் கீழே இறங்கினால் 'மிகச் சிறப்பு', 'மேன்மை', 'மிக மிக அழகு', 'மிக அழகு', 'அழகு' என்று போகும். வேடிக்கை என்னவென்றால், 'அழகு' என்று சொல்லப்படும் காசில் ராஜாவின் மூக்கு எங்கே என்று தேட வேண்டும். பிரெஞ்சுக்காரர் மரியாதை அப்படி!

அரசு வேலை பார்த்தவர்களுக்கு இது புதிதல்ல. வருடாந்திர ரகசிய அறிக்கை ஞாபகம் இருக்கிறதா? மேசையில் தலைவைத்துத் தூங்குகிறவருக்கு 'நன்று'. ஒழுங்காக வருகிறவருக்கு 'மிக நன்று'. அதிகாரிக்குக் காய்கறி வாங்கிக் கொடுப்பவருக்கு 'மிகச் சிறப்பு'. சொல்லை மட்டும் பார்த்தால் அலுவலகத்தில் ஒரு சோம்பேறி கிடையாது. முப்பது வருடம் அந்த அறிக்கைகளோடு வாழ்ந்தவர்கள்கூட, ஓய்வு பெற்ற மறுநாள் 'புரூஃப்', 'யுஎன்சி' என்ற சொற்களைக் கண்டு மயங்குகிறார்களே, அதுதான் எனக்குப் புரியவில்லை.

ஆனால் பிரெஞ்சுக்காரர்களிடம் கற்றுக்கொள்ள ஒன்று இருக்கிறது. பாரிஸ் நாணயச்சாலை சேகரிப்பவர்களுக்கு விற்பதை இரண்டு தரமாகப் பெயரிட்டுச் சொல்கிறது: ஒன்று பளபளப்பு வகை, மற்றது கண்ணாடி வகை. எதற்கு எத்தனை நாணயம் அடிக்கப்படும் என்ற உச்ச எண்ணையும் சொல்லிவிட்டுத்தான் விற்கிறது. விலை பிடித்தால் வாங்கு, பிடிக்காவிட்டால் விடு. விவரம் மட்டும் உன் கையில் இருக்கிறது.

நம் நாட்டில் உலோகத்துக்குச் சட்டம் இருக்கிறது. ஒவ்வொரு நினைவு நாணயத்துக்கும் அரசிதழில் அறிவிப்பு வரும். எத்தனை மில்லிமீட்டர், எத்தனை கிராம், எத்தனை விழுக்காடு வெள்ளி, ஓரத்தில் எத்தனை பல் என்று எல்லாம் இருக்கும். 75 ரூபாய் நாணயம் 44 மில்லிமீட்டர், 35 கிராம், வெள்ளி 50, செம்பு 40, நிக்கல் 5, துத்தநாகம் 5 விழுக்காடு, ஓரத்தில் 200 பல். காமராஜர் நூறு ரூபாயும் அதே 35 கிராம், பாதி வெள்ளி. கணக்கர் புத்தி விடாது, போட்டுப் பாருங்கள்: பதினேழரை கிராம் வெள்ளி. இன்றைய கிராம் விலையால் பெருக்கினால் அதன் உலோக மதிப்பு வரும். ஒப்பிட வேண்டுமென்றால், 1969-ல் காந்தி நூற்றாண்டுக்கு வந்த பத்து ரூபாய் நாணயம் 15 கிராம், 80 விழுக்காடு வெள்ளி. அதாவது 12 கிராம். ரிசர்வ் வங்கியின் 90-ஆம் ஆண்டுக்கு 2024-ல் வந்த 90 ரூபாய் நாணயம் 40 கிராம், ஏறக்குறைய முழு வெள்ளி. இவ்வளவு துல்லியமாக எடையையும் கலவையையும் சொல்கிற அரசு, முகத்தைப் பற்றி ஒரு வரி சொல்வதில்லை. எடை குறைந்தால் குற்றம், முகத்தில் கறை இருந்தால் உன் தலையெழுத்து.

தங்கக் கடைக்காரருக்கு மட்டும் சட்டம் எப்படி இருக்கிறது பாருங்கள். 2021 முதல் ஹால்மார்க் கட்டாயம். ஒவ்வொரு நகையிலும் ஆறு எழுத்து எண் கொண்ட அடையாளம் பொறிக்க வேண்டும். சரி, நல்லதுதான். நகைக்கடைக்காரரிடம் இவ்வளவு கேட்கிற அரசு, தானே விற்கிற பெட்டிக்குள் ஒரு துண்டுச் சீட்டில், 'புரூஃப் என்றால் நாங்கள் இதைத்தான் சொல்கிறோம், இன்ன குறை இருந்தால் அது எங்கள் தவறு, இத்தனை நாளுக்குள் திருப்பி அனுப்பலாம்' என்று அச்சிட்டால் என்ன? நான் பார்த்த பெட்டிகளில் தலைவர் வரலாறு இருக்கிறது, உலோகக் கலவை இருக்கிறது, அழகான படம் இருக்கிறது. இந்தச் சீட்டைக் காணவில்லை.

இனி சீல் விவகாரம். கணக்குப் பிரிவில் எனக்குச் சொல்லிக்கொடுத்த முதல் பாடமே சீலை நம்பாதே என்பதுதான். இரும்பு அறைக்கு இரட்டைப் பூட்டு. இரண்டு சாவி இரண்டு பேரிடம். உள்ளே முத்திரைத்தாள் கட்டு அரக்கு வைத்து முத்திரையிட்டே இருக்கும். ஆனாலும் இருப்புச் சரிபார்க்க வரும் அதிகாரி கட்டைப் பிரி என்பார். "சார், சீல் அப்படியே இருக்கு சார்" என்றால், "சீலையா எண்ணிக் கையெழுத்துப் போடணும்?" என்பார். பிரிப்போம், எண்ணுவோம், திரும்பக் கட்டிப் புதுச் சீல் வைப்போம். பிரித்து எண்ணினால் கட்டின் மதிப்புக் குறையும் என்று எவரும் சொன்னதில்லை.

அதுவும் சிவகாசிப் பக்கத்தில் இருந்துகொண்டு சீலையும் பெட்டியையும் நம்புவது என்றால் அதைவிட வேடிக்கை வேறில்லை. அச்சுத் தொழில் நம் தொழில். எந்த அட்டைப் பெட்டியைக் கொடுத்தாலும் அதே போல அடித்துக் கொடுக்கும் ஊர். கண்ணாடித்தாள் சுற்றிச் சூடு காட்டி இறுக்குவது பத்து நிமிட வேலை. தீபாவளி கிஃப்ட் பாக்ஸைப் பாருங்கள்: மேலே ஒரு விலை அச்சிட்டிருக்கும், அதில் எண்பது விழுக்காடு தள்ளுபடி என்பார்கள். அந்த அச்சிட்ட விலையை நம் ஊர்ப் பிள்ளைகள் யாராவது நம்புகிறார்களா? லேபிளில் இருக்கிற ராக்கெட் வானத்துக்குப் போகாது என்று இங்கே மூன்று வயதுக் குழந்தைக்குத் தெரியும். வாங்கினால் ஒரு பாக்கெட்டை எடுத்து வெடித்துப் பார்ப்போம், நமுத்துப் போயிருந்தால் கடைக்காரரிடம் திருப்பிக் கொடுப்போம். இத்தனை விவரம் தெரிந்த ஊர், டெல்லிச் சின்னம் போட்ட பெட்டியைக் கண்டதும் கைகட்டி நிற்கிறது.

வியாபாரிகள் பதில் சொல்வார்கள். "சார், மூலப்பெட்டியோடு இருந்தால் விலை கூடும், இது உலக வழக்கம்." உண்மைதான், மறுக்கவில்லை. பெட்டியை வைத்திருங்கள், சீட்டை வைத்திருங்கள், பில்லை வைத்திருங்கள். ஆனால் பெட்டிக்கு விலை கிடைப்பது உள்ளே இருக்கிற நாணயம் நன்றாக இருந்தால்தான். விவரம் தெரிந்த எவனும் உள்ளே பார்க்காமல் காசு எண்ணமாட்டான். கடைசியில் வாங்க வருகிறவன் எப்படியும் பிரிக்கப் போகிறான் என்றால், முதலில் வாங்குகிற நாம் ஏன் பிரிக்கக்கூடாது? சீல் பிரிக்காத பெட்டி கைமாறிக் கைமாறிப் போகும்போது லாபம் எடுப்பவர்கள் எல்லாம் நடுவில் இருப்பவர்கள். கடைசியில் பிரிப்பவன் தலையில் நஷ்டம் விழுகிறது. அத்திப்பழத்தைப் பிட்டுப் பார்க்காமல் கூடையோடு விற்பதற்குத்தான் அந்த அறிவுரை.

இன்னும் சிலர், "அப்படியானால் தரம் போடுகிற கம்பெனிக்கு அனுப்புங்கள், பிளாஸ்டிக் பேழையில் அடைத்து எண் போட்டுத் தருவார்கள்" என்பார்கள். அமெரிக்காவில் பிசிஜிஎஸ் 1986-லும், என்ஜிசி அடுத்த வருடமும் அந்த வேலையைத் தொடங்கின. அபூர்வமான பழைய நாணயத்துக்கு அது தேவை. போலி இல்லை என்றாவது தெரியும். நேற்று அடித்த நூறு ரூபாய்க்கு அது தேவையா? அனுப்பும் செலவும் கட்டணமும் போட்டால் நாணயத்தில் மிச்சம் என்ன இருக்கும்? 69-க்கும் 70-க்கும் உள்ள வித்தியாசம் வெறும் கண்ணுக்குத் தெரியாது, பேழையின் மேல் ஒட்டிய சீட்டில்தான் தெரியும். பெட்டியை நம்பாதே என்று சொல்லிவிட்டு இன்னொரு பெட்டியை நம்பச் சொல்கிறார்கள்.

எங்கள் பிரெஞ்சுப் பள்ளியில் மதிப்பெண் 20-க்கு. பத்து எடுத்தால் பாஸ். பன்னிரண்டு 'ஓரளவு நன்று', பதினான்கு 'நன்று', பதினாறு 'மிக நன்று'. இருபது கடவுளுக்கு, பத்தொன்பது ஆசிரியருக்கு, பதினெட்டிலிருந்துதான் மாணவனுக்கு என்று பிரெஞ்சில் ஒரு பேச்சு வழக்கே உண்டு. பதினாறு எடுத்தவன் தலைநிமிர்ந்து நடப்பான். அந்த மனப்பான்மை நாணயச் சேகரிப்புக்கும் நல்லது. எழுபதுக்கு எழுபது தேடி ஓடுவது கடவுளிடம் போட்டி போடுவது. நல்ல ஒளியோடு, முகம் சுத்தமாக, கண்ணுக்கு நிறைவாக இருந்தால் போதும்.

"ஏன் சார், கூலிக்குக் கஷ்டப்படுகிற ஊரில் இது ஒரு பிரச்சினையா?" என்று கேட்பவர்களுக்கும் பதில் சொல்லவேண்டும். இந்தப் பெட்டிகளை வாங்குவது யார்? கோடீஸ்வரர்கள் அல்ல. ஓய்வு பெறும்போது மொத்தமாகக் கொஞ்சம் பணம் பார்த்த எழுத்தர்கள், வாத்தியார்கள், பேருந்து நடத்துநர்கள். பேரனுக்கு ஒன்று, பேத்திக்கு ஒன்று என்று வாங்கி, "நாளைக்கு லட்சத்துக்குப் போகும்" என்று சொல்லி வைக்கிறார்கள். பழைய நாணயத்துக்கு லட்சம் தருகிறோம் என்று தொலைபேசியில் அழைத்து, கமிஷன், வரி என்று முன்பணம் பிடுங்குகிற கூட்டம் பெருகியதால், தன் பெயரைச் சொல்லி இப்படிக் கேட்பவர்களை நம்பவேண்டாம் என்று ரிசர்வ் வங்கியே 2021 ஆகஸ்டில் அறிவிப்புக் கொடுத்தது. அந்தக் கூட்டத்துக்கு விதை போடுவது எது? காசின் தரம் பற்றி ஒன்றும் தெரியாமல், பெட்டியின் மேல் இருக்கிற சின்னத்தை மட்டும் நம்பும் பழக்கம்தான்.

ஆகவே அரசிடம் கேட்க வேண்டியவை மூன்று. ஒன்று, புரூஃப், யுஎன்சி என்ற சொற்களுக்கு என்ன பொருள், எந்தக் குறை ஏற்கப்படாது என்று பெட்டிக்குள்ளேயே தமிழ் உட்பட மாநில மொழிகளில் அச்சிடுங்கள். இரண்டு, அந்த வகையில் எத்தனை செட் அடிக்கப்பட்டது என்ற எண்ணை அதே சீட்டில் போடுங்கள். மூன்று, இரண்டு பக்கமும் தெரிகிற மாதிரி ஒளிபுகும் உறையில் வைத்து, குறை இருந்தால் மாற்றிக்கொள்ளும் காலத்தை நாள் கணக்கில் எழுதுங்கள். மூன்றுக்கும் சேர்த்து ஒரு துண்டுக் காகிதம்தான் செலவு. காகிதம் இல்லையென்றால் சிவகாசிக்குச் சொல்லி அனுப்பட்டும், நாங்களே அடித்துத் தருகிறோம்.

நம் பக்கத்தில் செய்ய வேண்டியதையும் சொல்லிவிடுகிறேன். பெட்டி வந்த அன்றே பிரியுங்கள். கட்டில் மேல் மெத்தென்ற துணி விரித்துக்கொண்டு உட்காருங்கள். கை தவறினால் தரையில் விழக்கூடாது. விரலை ஓரத்தில் மட்டும் வையுங்கள், முகத்தில் படக்கூடாது. நாணயத்தைப் பார்த்துக்கொண்டே பேசாதீர்கள். தெறிக்கும் எச்சில் துளி நாளைக்குக் கரும்புள்ளியாகும். காலை வெளிச்சம் சாய்வாக விழும் ஜன்னலோரம் வைத்து மெல்லத் திருப்பிப் பாருங்கள். கீறல் இருந்தால் அந்தச் சாய்வில் மின்னும். கைப்புண்ணுக்குக் கண்ணாடி வேண்டாம், நாணயத்துக்கு வேண்டும்: ஐந்து மடங்கு பெரிதாக்கும் சாதாரண லென்ஸ் போதும். எந்தச் சாலையில் அடித்தது என்று வருடத்துக்குக் கீழே பாருங்கள். நட்சத்திரம் ஹைதராபாத், வைரவடிவம் மும்பை, வட்டப்புள்ளி நொய்டா, ஒன்றும் இல்லாவிட்டால் கொல்கத்தா. மும்பையின் புரூஃப் நாணயங்களில் முன்பு 'பி' என்ற எழுத்தும் பிறகு 'எம்' என்ற எழுத்தும் இருக்கும். பார்த்ததைத் தேதியோடு ஒரு தாளில் எழுதி, இரண்டு பக்கமும் செல்போனில் படம் எடுத்து, பில்லோடு வையுங்கள். குறை இருந்தால் அன்றே விற்றவருக்கு எழுத்தில் தெரிவியுங்கள். வாயால் சொன்னதற்குச் சாட்சி கிடையாது.

தயவுசெய்து துலக்காதீர்கள். புளி, திருநீறு, பற்பசை எல்லாம் குத்துவிளக்குக்குச் சரி. புரூஃப் நாணயத்தின் கண்ணாடி முகம் ஒரு தடவை தேய்த்தால் போய்விடும், திரும்ப வராது. கறையோடு இருக்கிற நாணயத்துக்காவது ஒரு விலை உண்டு, தேய்த்த நாணயத்தைச் சேகரிப்பவர் தொடமாட்டார். வாசம் அடிக்கிற மலிவான பிளாஸ்டிக் உறையும் ஆகாது. வருடக்கணக்கில் பச்சையாகப் பிசின் கசிந்து நாணயத்தில் ஒட்டும். இன்னொன்று, நம் ஊருக்கென்றே சொல்கிறேன். வெள்ளிக்குக் கந்தகம் ஜென்மப் பகை. கந்தகம் பட்டால் வெள்ளி கறுக்கும். நாம் இருப்பது கந்தக பூமி. பட்டாசுப் பெட்டி வைக்கிற அலமாரியில் நாணயத்தை வைக்காதீர்கள். ரப்பர் பேண்டு போட்டுக் கட்டவும் வேண்டாம், ரப்பரிலும் கந்தகம் உண்டு.

லாபம் எதிர்பார்த்து வாங்காதீர்கள் என்பதைக் கடைசியாகச் சொல்கிறேன். வெள்ளி வேண்டுமென்றால் வெள்ளியாகவே வாங்கலாம், விலை தெளிவாகத் தெரியும். காமராஜர் மேல் பாசம் என்றால் தாராளமாக வாங்குங்கள், நானும் உங்களோடு சேர்ந்து ரசிக்கிறேன். ஆனால் பாசத்துக்குக் கொடுக்கிற விலை எது, தரத்துக்குக் கொடுக்கிற விலை எது என்று வாங்கும் முன் மனசுக்குள் பிரித்துக்கொள்ளுங்கள். வியாபாரிக்கு இரண்டும் ஒன்றுதான்.

தமிழில் காசுக்கும் நேர்மைக்கும் 'நாணயம்' என்று ஒரே சொல். அரசு அச்சடிக்கிற நாணயத்துக்குள் இரண்டாவது பொருளும் இருக்கவேண்டும் என்று கேட்பது பேராசை இல்லை. உங்கள் வீட்டில் இப்படி ஒரு பெட்டி இருந்தால், இந்த ஞாயிற்றுக்கிழமை பேரப்பிள்ளைகளைப் பக்கத்தில் உட்கார வைத்து சீலைப் பிரியுங்கள். உள்ளே நல்லதாக இருந்தால் அவர்களுக்கு ஒரு நல்ல காட்சி. இல்லாவிட்டால் ஒரு நல்ல பாடம்.